கோச்சிங் சென்டர் ரிசல்ட் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே, ஜூன் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயமாக இருக்கும்: இந்த சென்டரில் சேர்க்கலாமா, அவர்கள் சொல்லும் ரிசல்ட் உண்மையா? போட்டித் தேர்வு மையங்களில் பல வருடம் கணக்கு எடுத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாமே என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நீட், ஜேஇஇ, யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு எல்லாம் கலந்துதான் வரும். தேர்வு எதுவானாலும் சென்டர்கள் கணக்குக் காட்டும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பேனர்ல ஐம்பது பேர் போட்டோ போட்டிருக்காங்க. அம்பது பேரும் அங்கேயே படிச்சவங்கதானா?

"படித்தவர்கள்" என்பதற்கு சென்டர் என்ன பொருள் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு வருடம் முழு வகுப்புக்கு வந்த பையனும், தேர்வுக்கு முந்தைய ஒரு மாத கிராஷ் கோர்ஸில் சேர்ந்த பெண்ணும், ஆன்லைனில் டெஸ்ட் சீரிஸ் மட்டும் வாங்கியவரும், ஒரு நாள் மாதிரி நேர்காணலுக்கு வந்துபோனவரும் பேனரில் ஒரே அளவு போட்டோவாகத்தான் இருப்பார்கள். ஜேஇஇ விளம்பரங்களில் சில நேரம் பெயருக்குப் பக்கத்தில் வகுப்பறை மாணவரா, தபால் வழியா என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

பெரும்பாலும் அந்த ஐம்பது பேரும் உண்மையான ஆட்கள்தான், ரேங்கும் உண்மைதான். முழுப் பொய் சொல்லும் சென்டர்கள் குறைவு. உண்மையான எண்களையே எப்படி அடுக்குகிறார்கள் என்பதில்தான் வித்தை இருக்கிறது.

ஒரே பையன் போட்டோ மூணு சென்டர் பேனர்ல இருக்கே, அது எப்படி சார்?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். பிரிலிம்ஸ் என்ற முதல்நிலைத் தேர்வுக்கு ஓரிடம், மெயின்ஸ் என்ற முதன்மைத் தேர்வின் டெஸ்ட் சீரிஸுக்கு இன்னோரிடம், நேர்காணலுக்கு மூன்று இடம் என்று போவது யுபிஎஸ்சி எழுதுபவர்களிடம் சாதாரணம். தேர்வானதும் ஐந்து பேரும் போட்டோவைப் போட்டுக்கொள்வார்கள். எல்லா சென்டர்களும் சொல்லும் தேர்வானோர் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் யுபிஎஸ்சி அறிவித்த மொத்தத்தையே தாண்டிவிடும்.

இது வெறும் கிண்டலுக்குச் சொல்வது இல்லை. 2022 குடிமைப்பணித் தேர்வில் நாடு முழுவதும் தேர்வானவர்கள் 933 பேர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அகாதமி அதில் 336 பேர் தங்கள் மாணவர்கள் என்று விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பான்மையினர் இலவச நேர்காணல் வழிகாட்டலுக்கு வந்தவர்கள் என்றும், மற்றவர்களில் நிறையப் பேர் டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதியவர்கள் என்றும் தெரிந்தது. அந்த விவரத்தை விளம்பரத்தில் மறைத்ததற்காக 2024-இல் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. டெல்லியின் பெரிய பெயர்கள் பலவும் இதே குற்றத்துக்காக அபராதம் கட்டியிருக்கின்றன.

மாக் இன்டர்வியூவை ஏன் ஃப்ரீயா நடத்துறாங்க? நல்ல மனசா?

நல்ல மனசும் இருக்கலாம். கணக்கைப் பாருங்கள். 2023 குடிமைப்பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். பிரிலிம்ஸ் எழுதியவர்கள் சுமார் 5.92 லட்சம். அதில் தேறி மெயின்ஸுக்குப் போனவர்கள் 14,624. நேர்காணலுக்கு வந்தவர்கள் 2,855. கடைசியில் தேர்வானவர்கள் 1,016. நேர்காணல் வரை வந்துவிட்டவர்களில் ஏறக்குறைய 36 விழுக்காட்டினர், யார் பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், தேர்வாகத்தான் போகிறார்கள்.

மெயின்ஸ் தேறிய ஆயிரம் பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு அரை மணி நேரம் மாதிரி நேர்காணல் நடத்தினால், சும்மா இருந்தாலே 350 தேர்வாளர்கள் "நம் மாணவர்கள்" ஆகிவிடுவார்கள். செலவு என்று பார்த்தால் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலருக்கான மதிப்பூதியமும், சாப்பாடும், ஒரு வீடியோ கேமராவும்தான். பிரிலிம்ஸ் அளவிலேயே ஆயிரம் பேரைச் சேர்த்துப் படிக்க வைத்தால் சராசரியாக இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள். அதனால்தான் அது இலவசம், இது ஒன்றரை லட்சம்.

"95% வெற்றி"ன்னு போடுறாங்க. எதுல 95%?

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். விழுக்காடு என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பது "வெற்றி": அது எம்பிபிஎஸ் சீட்டா, நீட் குவாலிஃபையா, 500 மதிப்பெண்ணா? கீழே இருப்பது "மாணவர்கள்": ஜூனில் சேர்ந்த எல்லோருமா, கடைசி வரை நின்றவர்களா, கடைசி மாதிரித் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தவர்கள் மட்டுமா?

ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன், கற்பனை எண்தான். 400 பேர் சேர்கிறார்கள். தீபாவளிக்குள் 60 பேர் நின்றுவிடுகிறார்கள். மிச்சம் 340-இல் முதல் 40 பேரைத் தனி பேட்ச் ஆக்குகிறார்கள். அதில் 38 பேர் குவாலிஃபை ஆகிறார்கள். பேனரில் "95% வெற்றி" வருகிறது. ஒரு வரி பொய் இல்லை. அந்த 400-க்கு எத்தனை பேருக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேட்டால் பதில் ஒற்றை இலக்கத்தில் இருக்கலாம்.

நீட்ல குவாலிஃபை ஆனாலே பெரிய விஷயம்தானே?

இல்லை. பொதுப் பிரிவுக்கு 50-ஆவது பர்சன்டைல் (இது மதிப்பெண் விழுக்காடு இல்லை, எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் உங்கள் அளவுக்கோ கீழோ எடுத்தார்கள் என்ற கணக்கு), ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 40-ஆவது பர்சன்டைல் என்பதுதான் தகுதிக் கோடு. அதாவது எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேராவது தேறும்படியாகவே அந்தக் கோடு போடப்படுகிறது. 2025-இல் எழுதியவர்கள் சுமார் 22.09 லட்சம் பேர், தகுதி பெற்றவர்கள் 12.36 லட்சம் பேர். 56 விழுக்காடு. பொதுப் பிரிவுக் கட்‌ஆஃப் 720-க்கு 144. நாட்டில் எம்பிபிஎஸ் இடங்கள் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து 1.2 லட்சம் சுமாருக்கு.

ஆகவே "எங்கள் மாணவர்களில் 60 விழுக்காட்டினர் நீட் தகுதி" என்று ஒரு சென்டர் பெருமையாகப் போட்டால், அது நாட்டுச் சராசரியைவிடக் கொஞ்சம்தான் மேலே.

போன தடவை 650-க்கு மேல நாப்பது பேர்னு போட்டாங்க. 2025-ல ஒருத்தர்கூட இல்ல. சென்டர் படுத்திருச்சா?

அநேகமாக இல்லை, கேள்வித்தாள் மாறிவிட்டது. 2024 நீட்டில் திருத்தப்பட்ட முடிவுக்குப் பிறகும் 17 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். 650-க்கு மேல் எடுத்தவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். அடுத்த வருடம் இயற்பியல் பலரை அழ வைத்தது. நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. 650-ஐத் தாண்டியவர்கள் நாடு முழுவதும் நூறு பேர்கூட இல்லை. 2024-இல் 650 வாங்கிய பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் இடம் கிடைக்குமா என்று வீட்டில் விவாதம் நடந்தது. 2025-இல் அதே மதிப்பெண் அகில இந்திய அளவில் முதல் நூறு ரேங்குக்குள்.

எனவே இரண்டு வருட மதிப்பெண்களை ஒப்பிட்டு ஒரு சென்டர் வளர்ந்தது, தேய்ந்தது என்று சொல்வது வீண். ரேங்கைப் பாருங்கள். மதிப்பெண் மட்டும் போட்டு ரேங்க் போடாத விளம்பரம், அந்த வருடம் மதிப்பெண் தாராளமாக விழுந்திருக்கிறது என்பதை வைத்து ஓட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கேள்வித்தாள் கடினமான வருடத்தில் அதே சென்டர் திடீரென்று ரேங்குக்கு மாறிவிடும், கவனித்துப் பாருங்கள்.

99 பர்சன்டைல்னா நூத்துக்கு 99 மார்க்தானே?

இல்லை. தேர்வு எழுதிய நூறு பேரில் 99 பேர் உங்கள் அளவுக்கோ அதற்குக் கீழோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஜேஇஇ மெயின் 2025-ஐ எழுதியவர்கள் ஏறக்குறைய 14.75 லட்சம். அப்படியானால் 99 பர்சன்டைலுக்கு மேலே இன்னும் 14 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். நல்ல என்ஐடியில் பெரிதாக விரும்பப்படும் பிரிவுக்கு அது போதாது. 99, 99.5, 99.9 மூன்றும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும். ரேங்காக மாற்றினால் ஏறக்குறைய 14,750, 7,400, 1,500. விளம்பரம் ஏன் பர்சன்டைலை விரும்புகிறது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

பேங்க் கோச்சிங்ல "1,200 செலக்‌ஷன்"னு போட்டிருக்காங்க. அவ்வளவு பேருக்கா வேலை?

அது செலக்‌ஷன்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. நன்றாகப் படிக்கும் ஒரு பெண் ஒரே வருடத்தில் ஐபிபிஎஸ் கிளார்க், ஐபிபிஎஸ் பிஓ, எஸ்பிஐ கிளார்க், கிராம வங்கித் தேர்வு என நான்கிலும் வருவார். சேர்வது ஒரே வேலையில். சென்டர் கணக்கில் நான்கு. சில இடங்களில் பிரிலிம்ஸ் தேறியதையும் ஒரு செலக்‌ஷன் என்று எண்ணுவார்கள்.

டிஎன்பிஎஸ்சியில் இதற்கு ஈடான வித்தை "சி.வி. சென்றவர்கள்". சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காலியிடங்களைவிடக் கூடுதலான ஆட்களை அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் வேலை கிடைக்காது. ரேங்க் பட்டியல் வந்த மறுநாளே அடிக்கும் பேனரில் இருப்பவர்கள் பெரும்பாலும் சி.வி. பட்டியல்காரர்கள். கலந்தாய்வு முடிந்து பணி ஆணை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

எங்க ஊர் பிராஞ்ச்ல போய் கேட்டா இந்தியா ஃபுல்லா உள்ள ரிசல்ட்டைக் காட்டுறாங்க. அது நமக்கு எதுக்கு?

எதற்கும் இல்லை. பெரிய நிறுவனங்கள் கிளைகளைப் பல ஊர்களில் உரிமம் கொடுத்து நடத்த வைக்கின்றன. பாடப்புத்தகமும் சீருடையும் ஒன்றாக இருக்கும். இயற்பியல் எடுப்பவர் வேறு ஆள். ராஜஸ்தானில் வாங்கிய ரேங்குக்கும் உங்கள் தெருமுனைக் கிளையில் வேதியியல் வாத்தியார் பாதியில் வேலையை விட்டுப் போனதற்கும் சம்பந்தமில்லை. "இந்தக் கிளையில், வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவர்கள்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ரிசல்ட் வந்ததும் எல்லா பிள்ளைங்க மார்க்கும் சென்டருக்கு எப்படித் தெரியும்? யார் குடுக்குறா?

இதை வெளியே யாரும் யோசிப்பதில்லை, நல்ல கேள்வி. தேர்வு முகமை முடிவைத் தேர்வரின் லாகினில்தான் போடுகிறது, சென்டருக்கு அனுப்புவதில்லை. பல இடங்களில் விண்ணப்பத்தையே அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருப்பார்கள், அதனால் விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் கையில் இருக்கும். இல்லாதவர்களுக்கு ஆபீஸ் பெண்கள் பட்டியல் வைத்துக்கொண்டு போன் அடிப்பார்கள். நன்றாக எடுத்தவன் முதல் மணியிலேயே எடுப்பான், சில பேர் இனிப்போடு நேரிலேயே வந்துவிடுவார்கள். சரியாக எழுதாத பிள்ளையின் வீட்டில் போனை எடுக்க மாட்டார்கள். இரண்டு முறை அடித்துவிட்டு அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதன் விளைவு, சாயங்காலம் உருவாகும் பட்டியலில் நல்ல மதிப்பெண்கள் எல்லாம் இருக்கும், மோசமானவை பாதிதான் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்து "நம் சென்டர் சராசரி" போட்டால் அது தானாகவே உயர்ந்துதான் வரும். யாரும் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. ஆனால் முழுக் கணக்கு அந்த சென்டரிடமே கிடையாது. தோல்வியையும் சேர்த்து எழுதி வைப்பது யாருடைய வேலையும் இல்லை.

தேர்வு முடிந்த இரண்டு நாளில் வரும் "எதிர்பார்க்கப்படும் மதிப்பெண்" பேனர்கள் இன்னும் மோசம். விடைக்குறிப்பு வைத்து மாணவனே கூட்டிச் சொன்ன எண் அது. ஒரு தப்புக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதைக் கூட்டும்போது மறந்துவிடுபவர்கள் நிறைய.

என் பொண்ணு ஜூன் டெஸ்ட்ல 210, பிப்ரவரில 520. சென்டர் நல்லா சொல்லிக்கொடுத்திருக்குன்னுதானே அர்த்தம்?

சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த 310 முழுவதும் சென்டரால் வந்தது என்று சொல்ல முடியாது. ஜூனில் வைத்தது முழுப் பாடத்திட்டத் தேர்வாக இருந்தால், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பாதியை அவள் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டாள். எங்கே இருந்தாலும் அந்த மதிப்பெண் ஏறித்தான் இருக்கும். முதல் தேர்வைக் கொஞ்சம் கடினமாகவும் கடைசித் தேர்வுகளை இளக்கமாகவும் வைக்கும் பழக்கமும் உண்டு. பெற்றோருக்கு வரைபடம் மேலே போக வேண்டும், பிள்ளைக்கும் தேர்வு நேரத்தில் தெம்பு வேண்டும். இரண்டாவது காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, மாதிரித் தேர்வுக் கேள்விகள் அந்த சென்டரின் மெட்டீரியலிலிருந்தே வரும். அதே கேள்வியின் எண்ணை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அதில் 520 வாங்குவது மெட்டீரியலை நன்றாகப் படித்திருக்கிறாள் என்பதைத்தான் காட்டும். உண்மையான நிலை தெரிய வேண்டுமானால், அவள் இதுவரை பார்க்காத ஒரு பழைய நீட் கேள்வித்தாளை எடுத்து, மதியம் 2 மணிக்கு உட்கார வைத்து, ஓஎம்ஆர் தாளில், 3 மணி நேரம் எழுத வையுங்கள். திருத்துவது நீங்களாக இருங்கள். அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் மாணவர்கள் சராசரியாக 200 மதிப்பெண் உயர்ந்தார்கள்" என்று சென்டர் சொல்லும்போது, முதல் தேர்வையும் கடைசித் தேர்வையும் எழுதியவர்களை மட்டும்தான் எடுத்திருப்பார்கள். நடுவில் மனம் உடைந்து நின்றுபோனவர்கள் அந்தச் சராசரியில் இல்லை. அப்புறம், முதல் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களில் சிலருக்கு அன்று காய்ச்சலாகவோ பயமாகவோ இருந்திருக்கும். அவர்கள் மதிப்பெண் அடுத்த முறை தானாகவே மேலே வரும். "180-லிருந்து 560" என்று தனியாகக் காட்டும் கதைகளில் பல இந்த வகைதான்.

ஸ்காலர்ஷிப் டெஸ்ட் வெச்சு நல்லா படிக்கிற பசங்களை ஃப்ரீயா எடுத்துக்கிறாங்க. அது நல்லதுதானே?

அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. ரிசல்ட்டைப் படிக்கும் உங்களுக்குத்தான் குழப்பம். பத்தாம் வகுப்பில் 490 எடுத்தவர்களையும் பள்ளியில் முதலிடம் பிடிப்பவர்களையும் வடிகட்டி எடுத்து, கட்டணம் வாங்காமல், நல்ல ஆசிரியர்களை அந்த பேட்சுக்கே கொடுத்தால் ரேங்க் வரத்தான் செய்யும். அந்த ரேங்கைக் காட்டித்தான் கட்டணம் கட்டும் மற்ற 300 பேரைச் சேர்க்கிறார்கள். அதாவது அந்த 300 பேரின் பணத்தில்தான் இந்த 40 பேர் படிக்கிறார்கள், 40 பேரின் முகத்தைக் காட்டித்தான் 300 பேர் வருகிறார்கள்.

உங்கள் பிள்ளை எந்த பேட்சில் சேரப்போகிறானோ அந்த பேட்சின் கணக்கைக் கேளுங்கள். "நட்சத்திர" பேட்சின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. எல்லா பேட்சுக்கும் ஒரே ஆசிரியர்களா என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரவேற்பறையில் வரும் பதிலைவிட, டீக்கடையில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவன் சொல்லும் பதில் சரியாக இருக்கும்.

அப்போ கோச்சிங்கால பிரயோஜனமே இல்லைங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அதில் சம்பளம் வாங்கியவன், எதுவுமே நடக்காது என்று சொன்னால் என் மனசாட்சியே சிரிக்கும். ஒழுங்கான நேரம், வாராவாரம் தேர்வு, சந்தேகம் கேட்க ஓர் ஆள், கூடப் படிக்க நாலு பேர், இவை நிச்சயம் உதவும். எவ்வளவு உதவியது என்பதை பேனர் அளக்கவில்லை என்பதுதான் நான் சொல்வது. அதை அளக்க வேண்டுமானால் சேரும்போது ஒரே அளவில் இருந்த இரண்டு கூட்டத்தை எடுத்து, ஒரு கூட்டம் பயிற்சிக்குப் போய், மற்றது போகாமல் இருந்தால் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். எந்த சென்டரும் அதைச் செய்யாது, செய்யவும் முடியாது. எந்த அப்பா தன் பிள்ளையை இரண்டாவது கூட்டத்தில் உட்கார வைப்பார்?

ரிப்பீட்டர்ஸையும் சேர்த்துத்தான் கணக்குக் காட்டுறாங்களா?

ஆமாம், பிரித்துக் காட்டுவது அபூர்வம். ஆனால் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தமிழ்நாடு அரசுக்குக் கொடுத்த அறிக்கைப்படி, 2020-21-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மறுபடி எழுதியவர்கள். நீட் வருவதற்கு முந்தைய 2016-17-இல் அது 13 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகும் பிள்ளைக்கு நீங்கள் கேட்க வேண்டியது, பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய அதே வருடத்தில் இடம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று. ரிப்பீட்டர் பேட்சில் வருபவர்கள் பலர் முதல் முறையே 450, 500 எடுத்துவிட்டு வருகிறார்கள், அதில் சிலர் வேறு சென்டரில் இரண்டு வருடம் படித்தவர்கள். அவர்களுடைய வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது பிரம்மாவாலும் ஆகாது.

எங்க தெரு பையனுக்குக் கம்மி மார்க்குக்கே கவர்ன்மென்ட் மெடிக்கல் காலேஜ் கிடைச்சுதாம், அந்த சென்டர்ல. உண்மையா?

இருக்கலாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொதுப் போட்டியைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலேயே இடம் கிடைக்கும், இனவாரி ஒதுக்கீட்டுக்கு ஏற்பவும் மாறும். அந்தப் பையன் உழைத்து வாங்கியதில் சந்தேகம் இல்லை. ஆனால் மெட்ரிக் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கு அதே மதிப்பெண்ணைக் காட்டி "இதற்கே இடம் கிடைக்கும்" என்று சென்டர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரைவேட்தான் இப்படி. கவர்ன்மென்ட் கோச்சிங் கணக்கு கரெக்டா இருக்குமா?

அங்கேயும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2024 குடிமைப்பணித் தேர்வு முடிவு வந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து தேர்வான 57 பேரில் 50 பேர் நான் முதல்வன் திட்டப் பயனாளிகள் என்று அரசு சொன்னது. அதில் 18 பேர் தங்கிப் படிக்கும் முழுநேரப் பயிற்சியில் இருந்தவர்கள் என்றும் சொல்லியிருந்தது. மற்றவர்களில் பலர் பிரிலிம்ஸ் தேறிய பிறகு கிடைக்கும் 25,000 ரூபாய் போன்ற ஊக்கத்தொகை வாங்கியவர்கள். அந்தப் பணம் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது வேறு விஷயம், நான் அதை மதிக்கிறேன். ஆனால் "50" என்ற எண்ணுக்கும் "18" என்ற எண்ணுக்கும் உள்ள தூரம், மாதிரி நேர்காணல் பற்றி மேலே சொன்ன அதே தூரம்தான். 18-ஐயும் வெளியே சொன்னதற்குப் பாராட்டலாம், தனியார் விளம்பரத்தில் அதுகூட இருப்பதில்லை.

இதுக்கெல்லாம் சட்டம் ஒண்ணும் கிடையாதா?

இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்வானவரின் போட்டோ போட்டால் பெயர், ரேங்க், அவர் எடுத்த கோர்ஸ், அதன் கால அளவு, பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொறுப்புத் துறப்பு வரிகளை விளம்பரத்தின் முக்கிய வரிக்குச் சமமான எழுத்து அளவில் போட வேண்டும். வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய் வாக்குறுதி கூடாது. "இன்னும் நாலு சீட்தான் இருக்கு" என்று இல்லாத அவசரத்தை உண்டாக்கவும் கூடாது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நடைமுறையில்? நாளிதழ் விளம்பரங்களில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. பஸ் ஸ்டாண்ட் ஃபிளெக்ஸிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் எதுவும் மாறவில்லை.

எங்க பையன் போட்டோவைக் கேட்காமலே பேனர்ல போட்டுட்டாங்க. நாலு டெஸ்ட்தான் எழுதினான் அங்க. எடுக்கச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். அதே நெறிகளின்படி, தேர்வான பிறகு மாணவரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கித்தான் பெயரையும் போட்டோவையும் பயன்படுத்த வேண்டும். சேரும்போது விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்து செல்லாது. நேரில் போய்ச் சண்டை போடுவதைவிட, ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பேனரின் போட்டோவை இணைத்து, எந்த கோர்ஸ் எடுத்தான் என்பதைக் குறிப்பிட்டு, எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் அந்த மின்னஞ்சலே புகாருக்கு ஆதாரம். ஒப்புதல் கொடுக்கிறீர்கள் என்றால் "டெஸ்ட் சீரிஸ் மட்டும்" என்று பக்கத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

அவங்க குடுக்குற லிஸ்ட்டை நாமளே செக் பண்ண வழி இருக்கா?

ஓரளவு இருக்கிறது. யுபிஎஸ்சி தேர்வானவர்கள் பெயரையும் பதிவெண்ணையும் வெளியிடுகிறது. டிஎன்பிஎஸ்சி பதிவெண் வாரியாக ரேங்க் வெளியிடுகிறது. தமிழ்நாடு மருத்துவச் சேர்க்கைத் தேர்வுக் குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் பெயரும் நீட் மதிப்பெண்ணும் இருக்கும். பேனரில் இருக்கும் பத்துப் பெயரைத் தேடிப் பார்த்தால் ஆள் உண்மையா, மதிப்பெண் உண்மையா என்பது தெரிந்துவிடும். அங்கேதான் படித்தாரா, எவ்வளவு நாள் படித்தார் என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதற்குப் பள்ளிப் பெயரைப் பிடித்து, பழைய மாணவர் யாரையாவது விசாரிக்க வேண்டியதுதான்.

எத்தனை பேர்ல எத்தனை பேர்னு கேட்டா, "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்"னு சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

மாணவர்களின் பெயர்கள் ரகசியமாக இருக்கலாம், மொத்த எண்ணிக்கையில் என்ன ரகசியம்? "போன வருடம் ஜூனில் இந்தக் கிளையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், மார்ச்சில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் முதல் முறையே அரசு இடம் வாங்கியவர்கள் எத்தனை பேர்" என்ற மூன்று எண்ணும் எந்தப் பிள்ளையையும் காட்டிக்கொடுக்காது. சொல்ல மறுப்பவரிடம் கோபப்பட வேண்டாம், கவுன்ட்டரில் இருப்பவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். மேலாளரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாது என்றால், ரிசல்ட் நாள் போன் பட்டியல் பற்றி மேலே சொன்னேனே, அதுதான் காரணம். கணக்கே இல்லாத இடத்தில் இரண்டு வருடக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். தவணையில் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள்.

எங்க ஊர்ல ஒரு வாத்தியார் இருபது பசங்களை மட்டும் வெச்சு நடத்துறார். பேனரும் இல்ல, ரிசல்ட்டும் சொல்றதில்ல. நம்பலாமா?

இங்கே ரிசல்ட்டை வைத்து முடிவு செய்யவே முடியாது. இருபது பேரில் ஒரு வருடம் மூன்று பேருக்கு இடம் கிடைத்தால் 15 விழுக்காடு, அடுத்த வருடம் ஒருவருக்குக் கிடைத்தால் 5 விழுக்காடு. வாத்தியார் அதே வாத்தியார்தான், வந்து சேர்ந்த பிள்ளைகள் மாறியிருப்பார்கள். மேலே சொன்ன 2024 நெறிகள் ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானவை, இவர் அதில் வர மாட்டார். பொய் விளம்பரம் செய்தால் மட்டும் நுகர்வோர் சட்டம் இவருக்கும் பொருந்தும்.

இரண்டு வாரம் அனுப்பிப் பாருங்கள். தேர்வுத் தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறாரா, தப்பான கேள்விக்கு மறுநாள் விளக்கம் சொல்கிறாரா, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போகிறதா என்று கவனியுங்கள். முதல் வாரத் தாளை வாங்கி நீங்களே ஒரு முறை புரட்டுங்கள்.